யாராவது காப்பி பண்ணிடுங்கடா

2013-ல் நாங்கள் ஒரு குறும்படம் எடுத்தோம். பதினோரு நிமிஷம் ஓடும். இப்பவும் யூடியூபில் கிடக்கிறது, ஆனா தேடிப் பிடித்துப் பார்க்கிற அளவுக்கு ஒன்றுமில்லை. அந்தப் படத்தில் இல்லாமல் போன ஒரு காட்சியைப் பற்றித்தான் இந்தக் குறிப்பு.

சமீபத்தில் எங்கள் ஊர்ப் பக்கத்துக் கல்லூரிப் பிள்ளைகள் சிலர், "அண்ணா, குறும்படம் எடுக்கப் போறோம், யாருக்கு என்ன வேலை கொடுக்கறதுன்னு தெரியல, கொஞ்சம் சொல்லுங்க" என்று வந்து நின்றார்கள். பதில் சொல்ல உட்கார்ந்தபோது, இதைப் பற்றிப் பன்னிரண்டு வருஷமாக யோசித்துக்கொண்டே இருந்திருக்கிறேன் என்பது எனக்கே அப்போதுதான் தெரிந்தது. அவர்களுக்குச் சொன்னதையும், சொல்லாமல் விட்டதையும் சேர்த்து இங்கே எழுதி வைக்கிறேன்.

அந்த ராத்திரி

பர்கூரைத் தெரியாதவர்களுக்கு: கிருஷ்ணகிரியிலிருந்து சென்னை போகிற ரோட்டில் முதலில் வருகிற பெரிய ஊர். ஜவுளிக்கு வெளியூர்க்காரர்கள் தேடி வருகிற இடம். கடைக்குள் தமிழ், தெலுங்கு, கன்னடம், உருது நாலும் கேட்கும். வேலை என்று கிளம்புகிறவர்கள் ஓசூருக்கோ பெங்களூருக்கோ போவார்கள்.

எங்கள் கதையும் அதுதான். ஜவுளிக்கடைக்காரர் மகனுக்கு ஓசூரில் ஒரு கம்பெனியில் வேலை கிடைக்கிறது. அப்பா போகாதே என்று சொல்லவில்லை, போ என்றும் சொல்லவில்லை. ராத்திரி கடை சாத்தின பிறகு, வாடிக்கையாளர்கள் பிரித்துப் போட்டுப் போன புடவைகளை இரண்டு பேரும் மடித்துக்கொண்டே பேசுகிறார்கள். படத்தின் உயிரே அந்தக் காட்சிதான்.

கடை என் வகுப்புத் தோழன் ஒருவனுடைய அப்பாவின் கடை. அப்பா வேஷத்துக்கும் அவரையே கேட்டோம். முதலில் சிரித்தார், பிறகு ஒத்துக்கொண்டார். ஒரே ஒரு ராத்திரி, விடியற்காலை ஐந்து மணிக்குள் கடையைத் திரும்ப அடுக்கிக் கொடுத்துவிட வேண்டும் என்பது நிபந்தனை. கடை, சாப்பாடு, வண்டி, அனுமதி எல்லாம் அந்தத் தோழன்தான் ஏற்பாடு செய்தான். அதனால் அவனை "மேனேஜர்" என்று கிண்டலாகக் கூப்பிடுவோம். கிண்டல்தான், பதவி இல்லை. டைட்டில் எழுதி வைத்திருந்த காகிதத்தில் அப்படி ஒரு வரியே கிடையாது.

நாங்கள் ஒன்பது பேர். கிருஷ்ணகிரியில் ஒரு கல்யாண ஸ்டூடியோவில் வாடகைக்கு எடுத்த கேனான் 600டி கேமரா, இரண்டு வீடியோ லைட், இரண்டு மெமரி கார்டு. சவுண்டைப் பிறகு டப்பிங்கில் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டிருந்தோம். சாயங்காலம் தெருவில் சில ஷாட் எடுத்துவிட்டு, ஒன்பதரைக்கு ஷட்டரை இறக்கி உள்ளே வேலையை ஆரம்பித்தோம்.

அப்பா காட்சியை எடுத்து முடிக்க ராத்திரி ஒன்றரை ஆனது. நாலாவது டேக்கில் அவர் வசனத்தை மறந்துவிட்டார். மறந்துவிட்டு, கையில் இருந்த புடவையின் முந்தானையைப் பிடித்தபடியே ஷட்டரைப் பார்த்துக்கொண்டு நின்றார். யாரும் கட் சொல்லவில்லை. முப்பது நொடி இருக்கும். பிறகு அவராகவே மடிக்க ஆரம்பித்தார். எழுதி வாங்க முடியாத நடிப்பு அது.

கார்டு நிறைந்துவிட்டது. நான் சந்தோஷத்தில் எல்லோரையும் பார்த்து, "யாராவது காப்பி பண்ணிடுங்கடா" என்றேன். அதே மூச்சில் மேனேஜரிடம், "மச்சி, ஹைவேல டீக்கடை இருக்கும், எல்லாருக்கும் வாங்கிட்டு வந்துடு" என்றேன். அவன் பைக்கை எடுத்துக்கொண்டு போனான்.

பிறகு நடந்தது ஐந்து நிமிஷ வேலை. லேப்டாப் வைத்திருந்தவன் சாயங்காலம் எடுத்த கார்டை ஏற்கெனவே காப்பி செய்திருந்தான். கேமராக்காரன் "காப்பி ஆயிடுச்சா?" என்று கேட்டான். அவன் சாயங்காலக் கார்டை நினைத்துக்கொண்டு "ஆயிடுச்சு" என்றான். கேமராக்காரன் கார்டை ஃபார்மேட் செய்து அடுத்த ஷாட்டை ஆரம்பித்தான். விஷயம் தெரிந்தபோது மணி நாலு. அழிந்ததை மீட்கிற மென்பொருள் எல்லாம் போட்டுப் பார்த்தோம். மேலே வேறு காட்சி பதிவாகிவிட்டதால் துண்டு துண்டாகத்தான் கிடைத்தது.

எல்லோரும் ஒருவர் மேல் ஒருவர் பாய்ந்தோம். கடைசியில் டீ வாங்கப் போனவன் மேல் வந்து நின்றது. "கடை உன்னுது, நீ எங்கடா போன?" என்று கேட்டது நான்தான்.

ஒரு வாரம் கழித்து அவனுடைய நோட்டைப் பார்த்தேன். கடைக் கணக்கு எழுதுகிற நீளமான நோட்டு. யாரும் சொல்லாமலே அவன் கார்டுக் கணக்கு எழுதிக்கொண்டு வந்திருக்கிறான். "கார்டு 1, தெரு, காப்பி ஆச்சு." அதற்குக் கீழே, "கார்டு 2, அப்பா," என்று எழுதி, பக்கத்தில் இடம் விட்டிருந்தான். சாயங்காலம் லேப்டாப்காரனை உட்கார வைத்துக் காப்பி எடுக்க வைத்ததும் அவன்தான். அந்த வேலைக்கு எங்கள் குழுவில் பெயர் இல்லை. பெயர் இல்லாததால் அந்த வேலையை ஒருவன் செய்துகொண்டிருக்கிறான் என்பதே எங்களுக்குத் தெரியவில்லை. தெரியாததால்தான் அவனை டீ வாங்க அனுப்பினேன்.

எல்லோரும் இயக்குநர்

இது எங்கள் தனிப்பட்ட முட்டாள்தனம் மட்டும் என்று நான் நினைக்கவில்லை. அந்தக் காலக்கட்டத்தை நினைத்துப் பாருங்கள். கலைஞர் தொலைக்காட்சியில் வந்த ‘நாளைய இயக்குனர்’ நிகழ்ச்சி எங்களைப் போன்ற பிள்ளைகளைக் கேமரா பக்கம் தள்ளிவிட்டது. அதில் படம் காட்டிய கார்த்திக் சுப்பராஜ் 2012-ல் ‘பீட்சா’ எடுத்தார். நலன் குமரசாமி 2013-ல் ‘சூது கவ்வும்’ எடுத்தார். நாமும் எடுக்கலாம் என்று தைரியம் வந்தது. நல்ல விஷயம்தான்.

ஆனால் நிகழ்ச்சியின் பெயரைக் கவனியுங்கள். நாளைய இயக்குனர். நாளைய ஒலிப்பதிவாளர் என்றோ, நாளைய தயாரிப்பு நிர்வாகி என்றோ யாரும் நிகழ்ச்சி நடத்தவில்லை. அதற்கு முன்பே "கதை, திரைக்கதை, வசனம், இயக்கம்" என்று ஒரே பெயரைத் திரையில் பார்த்து வளர்ந்தவர்கள் நாம். பாக்யராஜ், டி. ராஜேந்தர் என்று அதற்குப் பெரிய முன்னோடிகள் உண்டு. ஆக, ஒன்பது பேர் சேர்ந்தால் ஒன்பது பேரும் இயக்குநர் ஆகத்தான் வருகிறார்கள். கிடைக்காத எட்டுப் பேருக்கு ஆறுதலாக அசோசியேட், அசிஸ்டன்ட், கிரியேட்டிவ் ஹெட் என்று பெயர் கொடுக்கிறோம். இப்படிக் கொடுப்பது டைட்டில் கார்டில் ஓர் இடம். அதற்குப் பின்னால் வேலை இருக்காது.

அந்த இரண்டு படங்களையுமே திரும்பப் பார்த்தால் வேறு ஒன்று தெரியும். இரண்டுக்கும் படத்தொகுப்பு லியோ ஜான் பால், இசை சந்தோஷ் நாராயணன். விஜய் சேதுபதியும் பாபி சிம்ஹாவும் கார்த்திக் சுப்பராஜின் குறும்படங்களிலேயே நடித்தவர்கள். நிகழ்ச்சி தேடியது இயக்குநர்களை. மேலே வந்தது கூட்டம் கூட்டமாக.

கயிறு இழுத்த கணக்கு

"யாராவது" என்ற சொல்லுக்கு ஒரு பழைய ஆராய்ச்சி இருக்கிறது. மாக்ஸ் ரிங்கல்மான் என்ற பிரெஞ்சு வேளாண் பொறியாளர், ஆட்கள் கயிறு இழுக்கும் விசையை அளந்து 1913-ல் வெளியிட்டார். தனியாக இழுக்கும்போது ஒருவன் போடுகிற விசையை 100 என்று வைத்தால், இரண்டு பேராக இழுக்கும்போது ஆளுக்கு 93, மூன்று பேராக இழுக்கும்போது 85, எட்டுப் பேர் சேரும்போது ஆளுக்கு 49. எட்டுப் பேர் சேர்ந்தும் நாலு ஆள் பலம்தான் வருகிறது.

ஒரு பகுதி ஒத்திசைவுக் குறைவு: எல்லோரும் ஒரே நொடியில் இழுப்பதில்லை. இன்னொரு பகுதி, ‘நாம கொஞ்சம் விட்டாலும் மத்தவன் இழுப்பான்’ என்கிற நினைப்பு. 1979-ல் பிப் லட்டானேயும் அவருடைய சகாக்களும் இதைத் தனியாகப் பிரித்துப் பார்த்தார்கள். மாணவர்களைக் கை தட்டவும் கத்தவும் சொன்னார்கள். கண்ணைக் கட்டி, காதில் ஹெட்ஃபோன் மாட்டி, உண்மையில் தனியாகக் கத்தும்போதே, கூட்டமாகக் கத்துவதாக நம்ப வைத்தார்கள். அப்போதும் சத்தம் குறைந்தது. பக்கத்தில் ஆள் இல்லாவிட்டாலும், இருக்கிறார்கள் என்று நினைத்தாலே போதும்.

எங்கள் கடையில் அன்று நடந்ததைச் சோம்பேறித்தனம் என்று சொல்ல மாட்டேன். எல்லோரும் தூங்காமல் வேலை செய்துகொண்டிருந்தோம். ஆனால் அந்தக் கார்டுக்கு மட்டும் எட்டுப் பேர் பொறுப்பு. கயிற்றில் எட்டுப் பேர் கை வைத்தால் பாதி பலமாவது மிஞ்சும். கார்டு விஷயத்தில் பாதி காப்பி என்று ஒன்று கிடையாது.

பெரிய படப்பிடிப்பில் இது ஏன் நடப்பதில்லை

பெரிய சினிமாவிலும் தப்பு நடக்கும். ஆனாலும் ஒரு வேடிக்கையைப் பாருங்கள். ஒரு யூனிட்டில் நூறு பேர் இருப்பார்கள். பாதிப் பேருக்கு மற்றவர் பெயரே தெரியாது. நேற்று வேறொரு படத்தில் இருந்தவர்கள், அடுத்த மாதம் இன்னொரு படத்துக்குப் போய்விடுவார்கள். இருந்தும் காலையில் இறங்கி ஒரு மணி நேரத்தில் முதல் ஷாட் எடுத்துவிடுகிறார்கள். நாலு வருஷம் ஒரே பெஞ்சில் உட்கார்ந்த நாங்கள் ஒன்பது பேர் ஒரு கார்டைக் காப்பாற்ற முடியவில்லை.

பெத் பெக்கி என்ற அமெரிக்க ஆய்வாளர் இதே கேள்வியோடு படப்பிடிப்புத் தளங்களுக்குப் போய், உதவியாளராகவே வேலை பார்த்துக்கொண்டு கவனித்தார். 2006-ல் கட்டுரை வந்தது. அவர் கண்டது இது: முன்பின் தெரியாதவர்களைச் சேர்த்து வைப்பது நட்பும் இல்லை, மேலதிகாரியின் அதட்டலும் இல்லை. பாத்திரங்கள்தான், அதாவது ஒளி, கேமரா, ஒலி என்று ஒவ்வொரு வேலைக்கும் எல்லோருக்கும் தெரிந்த எல்லை. அந்த எல்லையைத் தினமும் புதுப்பிக்கும் மூன்று பழக்கங்களையும் அவர் குறித்திருக்கிறார். வேலையைச் சரியாகச் செய்தவருக்கு வாய்விட்டு நன்றி சொல்வது. தப்பு செய்தவரை மரியாதை குறையாமல் திருத்துவது. அவரவர் வேலையை வைத்துக் கிண்டல் அடிப்பது. ‘அது என்னோட வேலை, இது உன்னோட வேலை’ என்பதை இந்த மூன்றும் சண்டை இல்லாமல் சொல்லிக்கொண்டே இருக்கின்றன.

நம்மூரில் இதற்கு இன்னும் கெட்டியான உருவம் உண்டு. தென்னிந்தியத் திரைப்படத் தொழிலாளர் சம்மேளனத்தில், அதாவது பெப்சியில், இருபதுக்கும் மேற்பட்ட சங்கங்கள். ஒளிப்பதிவுக்கு ஒன்று, லைட்மேன்களுக்கு ஒன்று, ஒப்பனைக்கு ஒன்று, உடைக்கு ஒன்று. ஒரு லைட்டை நகர்த்தக்கூட அதற்கான ஆள்தான் வர வேண்டுமா என்று மாணவனாக இருந்தபோது சிரித்திருக்கிறேன். சம்பளம், உரிமை என்று அதற்கு வேறு வரலாறு இருக்கிறது. ஆனால் கூடவே இன்னொன்றும் நடக்கிறது. லைட் விழுந்தால் யாரைக் கேட்க வேண்டும் என்று அந்த இடத்தில் நூறு பேருக்கும் தெரியும்.

ஒரு டேக் எடுக்கும் முறையிலேயே இது இருக்கிறது. "சைலன்ஸ்" என்கிறார் உதவி இயக்குநர். "சவுண்ட்" என்றால் ஒலிப்பதிவாளர் "ரோலிங்" என்று பதில் சொல்ல வேண்டும். "கேமரா" என்றால் அங்கிருந்து பதில் வர வேண்டும். காட்சி எண், ஷாட் எண், டேக் எண் சொல்லி கிளாப் அடிக்கிறார்கள். படமும் ஒலியும் தனித்தனியாகப் பதிவாவதால், கட்டை மூடும் அந்த ஒரு ஃப்ரேமையும் ‘டப்’ என்ற சத்தத்தையும் வைத்துத்தான் எடிட்டர் இரண்டையும் சேர்ப்பார். அதன் பிறகுதான் "ஆக்‌ஷன்". வெளியில் இருந்து பார்த்தால் சடங்கு மாதிரி இருக்கும். உண்மையில் அது கேள்வியும் பதிலும். ஒவ்வொரு பதிலுக்கும் ஒரே ஒரு வாய்தான் உண்டு. அந்த வாய் பதில் சொல்லாவிட்டால் அடுத்த அடி கிடையாது.

எங்கள் கேமராக்காரன் கேட்டதும் ஒரு கேள்விதான், லேப்டாப்காரன் சொன்னதும் பதில்தான். ஆனால் எந்தக் கார்டு என்று கேள்வியில் இல்லை. பதில் சொல்ல வேண்டிய ஆள் ஹைவேயில் டீக்கு நின்றுகொண்டிருந்தான்.

நிறுத்துகிற உரிமை

படிப்பு முடிந்து நானும் கதையில் வந்த பையன் மாதிரி ஓசூருக்குத்தான் போனேன். வண்டி உதிரிபாகம் செய்கிற ஓர் ஆலையில், தரக் கட்டுப்பாட்டில் வேலை. டொயோட்டா பழக்கிவிட்ட ஒரு முறை இப்போது உலகம் முழுக்க இருக்கிறது. லைனில் நிற்கும் சாதாரணத் தொழிலாளி ஒரு குறையைப் பார்த்தால், கயிற்றை இழுத்தோ பட்டனை அழுத்தியோ கூப்பிடலாம். குறை சரியாகாவிட்டால் லைன் நிற்கும். அதற்குப் பெயர் ஆண்டான். முதல் வாரம் அதைப் பார்த்தபோது எனக்குப் பர்கூர் கடைதான் ஞாபகம் வந்தது.

அன்று மேனேஜர் அங்கேயே இருந்திருந்தாலும் என்ன செய்திருப்பான்? "டேய் இருங்கடா, கார்டைத் தொடாதீங்க" என்றிருப்பான். நாங்கள், "மச்சி லேட்டாகுதுடா, நீ போய் சாப்பாட்டைப் பாரு" என்றிருப்போம். வேலை அவனிடம் இருந்தது, நிறுத்தும் அதிகாரம் இல்லை.

ஆகவே எனக்குப் புரிந்தது இதுதான். ஒருவருக்கு ஒரு பொறுப்பு கொடுத்தோம் என்றால், அந்த விஷயத்தில் அவர் "வேண்டாம், நிறுத்து" என்று சொன்னால் இயக்குநர் உட்பட எல்லோரும் நிற்க வேண்டும். ஒலிப்பதிவாளர் "லாரி ஹாரன் விழுந்துடுச்சு" என்றால் இன்னொரு டேக். கன்டினியூட்டி பார்ப்பவர் "போன ஷாட்ல புடவை இடது கையில இருந்துச்சு" என்றால் கை மாற்ற வேண்டும். நிற்க மாட்டோம் என்றால், அந்த ஆளுக்குக் கொடுத்தது பொறுப்பு கிடையாது, எடுபிடி வேலை.

இதில் இயக்குநருக்கு எதுவும் குறைந்துவிடாது. எது நல்ல டேக் என்கிற முடிவு அவருடையதுதான். அதை மட்டும் யோசிக்க அவருக்கு நேரம் கிடைக்கிறது.

ஊமை விழிகள் பிள்ளைகள்

தமிழில் மாணவர் குழு என்றாலே நினைவுக்கு வர வேண்டிய படம் 1986-ல் வந்த ‘ஊமை விழிகள்’. அதுவரை சினிமாவுக்குள் வர வழக்கமான வழி, ஒரு இயக்குநரிடம் பல வருஷம் உதவியாளராக இருப்பது. இவர்கள் சென்னைத் திரைப்படக் கல்லூரியில் படித்தவர்கள். ஒளிப்பதிவு, ஒலிப்பதிவு, இயக்கம், படத்தொகுப்பு என்று துறை துறையாகச் சொல்லிக் கொடுத்த இடம். பி.சி. ஸ்ரீராமும் அங்கே படித்தவர்தான். இயக்கம் படிப்பவனுக்கு ஒளிப்பதிவு படிப்பவன் இல்லாமல் படம் எடுக்க முடியாது. அந்தக் கட்டாயமே ஒரு பாடம்.

‘ஊமை விழிகள்’ டைட்டிலைக் கொஞ்சம் நிறுத்திப் படித்துப் பாருங்கள். எழுத்தும் தயாரிப்பும் ஆபாவாணன். இயக்கம் ஆர். அரவிந்தராஜ். ஒளிப்பதிவு ஏ. ரமேஷ்குமார். இசை மனோஜ் கியான். கதையும் பணப்பொறுப்பும் கையில் இருக்கிற ஒருவர், இயக்குநர் நாற்காலியில் இன்னொருவரை உட்கார வைத்திருக்கிறார். விஜயகாந்த் நடிக்க, ஜெய்சங்கர், சரிதா, ஸ்ரீவித்யா என்று அனுபவஸ்தர்கள் நிறைந்த படம். புதுப் பையன்கள் அத்தனை பேரையும் வைத்து அதை முடித்தார்கள்.

அதைவிட எனக்குப் பிடித்தது பிறகு நடந்தது. 1987-ல் ‘உழவன் மகன்’, எழுத்து ஆபாவாணன், இயக்கம் அரவிந்தராஜ். 1988-ல் ‘செந்தூரப்பூவே’, தயாரிப்பு ஆபாவாணன், இயக்கம் பி.ஆர். தேவராஜ். படத்துக்குப் படம் நாற்காலி மாறுகிறது. நாற்காலி மாறினாலும் படம் வருகிறது. ஒன்பது பேரும் இயக்குநர் ஆக ஆசைப்படுவதில் தப்பே இல்லை, ஒரே படத்தில் ஆசைப்படுவதுதான் தப்பு என்று இப்போது பிள்ளைகளுக்குச் சொல்கிறேன்.

சரி, எப்படிப் பிரிப்பது

ஏழெட்டுப் பேர் இருந்தால் இயக்கம், நேரம் பார்க்கும் உதவி இயக்குநர், கேமரா, ஒலி, தயாரிப்பு, நோட்டு, கலையும் உடையும் என்று பிரித்துவிடலாம். நடிப்பவர்களை இதில் சேர்க்க வேண்டாம். நாலைந்து பேர்தான் என்றால் இரண்டு வேலையை ஒருவரிடம் கொடுத்துத்தான் ஆக வேண்டும். எதை எதோடு சேர்க்கலாம் என்பதற்கு நான் இரண்டே கேள்வி வைத்திருக்கிறேன்.

முதல் கேள்வி: இரண்டு வேலையும் ஒரே நொடியில் வருமா? வந்தால் சேர்க்காதீர்கள். டேக் ஓடும்போது கேமராக்காரர் கண் ஃபிரேமில் இருக்கும், அதே நேரம் காது லாரி ஹாரனைக் கேட்க முடியாது. ஒலிக்கு ஹெட்ஃபோன் மாட்டிக்கொண்டு தனியாக ஓர் ஆள் வேண்டும். எங்களைப் போல டப்பிங்கில் பார்க்கலாம் என்று விடாதீர்கள். ஹைவே ஓரம் எடுக்கிற படத்துக்கு அந்த ஆள் கட்டாயம். தயாரிப்பு பார்ப்பவர் வெளியே ஓட வேண்டியவர், அவரிடம் செட்டுக்குள் எந்த வேலையும் தரக் கூடாது. நாங்கள் தவறியது இங்கேதான். ஆனால் கன்டினியூட்டி, கிளாப், கார்டுக் கணக்கு மூன்றையும் ஒருவரிடம் தரலாம். மூன்றும் ஒரே நோட்டில் அடங்கும், நேரமும் இடிக்காது.

இரண்டாவது கேள்வி: இரண்டு வேலையும் ஒன்றோடொன்று சண்டை போட வேண்டியவையா? அப்படியென்றாலும் சேர்க்காதீர்கள். இயக்குநர் "இன்னொரு டேக்" என்பார். உதவி இயக்குநர் "மணி மூணு, இன்னும் நாலு ஷாட் இருக்கு" என்பார். இந்தச் சண்டை நடந்தே ஆக வேண்டும். இரண்டும் ஒரே தலைக்குள் இருந்தால் எப்போதும் ஆசைதான் ஜெயிக்கும், விடியும்போது பாதிப் படம் கையில் இருக்காது.

கார்டுக்கு மட்டும் ஒரு தனி விதி. நோட்டு வைத்திருப்பவரைத் தவிர யாரும் கார்டைத் தொடக் கூடாது. இரண்டு இடத்தில் காப்பி எடுத்து, இரண்டையும் திறந்து பார்த்து, நோட்டில் எழுதிய பிறகு அவர் வாயால் "அழிக்கலாம்" என்று சொன்னால்தான் ஃபார்மேட். அவர் டீ வாங்கப் போகக் கூடாது. வேறு யாராவது, இல்லை, பெயர் சொல்லி ஒருவர் போகட்டும்.

யாருக்கு எது என்று முடிவு செய்யும்போது "உனக்கு என்ன ஆகணும்?" என்று கேட்காதீர்கள். எல்லோரும் ஒரே பதில்தான் சொல்வார்கள். "எது சரியில்லைன்னா உனக்குத் தூக்கம் வராது?" என்று கேளுங்கள். சத்தம் சரியில்லாவிட்டால் எரிச்சல் படுகிறவன் ஒருத்தன் இருப்பான். கணக்கு இடித்தால் நிம்மதி போகிறவள் ஒருத்தி இருப்பாள். எங்கள் குழுவில் அப்படி ஒருவன் நோட்டோடு சுற்றிக்கொண்டிருந்தான். நாங்கள்தான் கேட்கவில்லை.

டைட்டில் கார்டு

படம் முடிந்த பிறகு வருகிற சண்டைக்கும் ஒரு வார்த்தை. 1979-ல் மைக்கேல் ராஸ், ஃபியோர் சிக்கோலி என்ற இரண்டு உளவியலாளர்கள், கணவன் மனைவியைத் தனித்தனியாக வைத்து, வீட்டு வேலைகளில் உங்கள் பங்கு எவ்வளவு என்று கேட்டார்கள். பெரும்பாலும் இரண்டு பேர் சொன்னதையும் கூட்டினால் முழுசை விட அதிகமாக வந்தது. யாரும் வேண்டுமென்று பொய் சொல்லவில்லை. நாம் செய்தது நமக்கு ஞாபகம் இருக்கும், அடுத்தவர் செய்ததை நாம் பார்த்திருக்கவே மாட்டோம். உங்கள் குழுவில் ஆளுக்கொரு சீட்டில் தன் பங்கு எத்தனை சதவீதம் என்று எழுதிப் போடச் சொல்லிக் கூட்டிப் பாருங்கள். சிரிப்பு வரும். சிரிப்போடு முடிந்துவிட்டால் நல்லது. அதனால் டைட்டிலைப் படப்பிடிப்புக்கு முன்பே எழுதி, எல்லோரும் படித்துப் பார்த்து ஒத்துக்கொள்ளுங்கள்.

நாங்கள் கடைசி ராத்திரியில் எழுதினோம். கதை, திரைக்கதை, வசனம், இயக்கம் என்று என் பெயர். மேனேஜர் பெயர் "நன்றி" பட்டியலில், ஸ்டூடியோவுக்கும் டீக்கடைக்கும் நடுவில். கல்லூரி ஹாலில் திரையிட்டபோது அவன் அப்பா பக்கத்துக் கடைக்காரர்கள் இரண்டு பேரைக் கூட்டிக்கொண்டு வந்திருந்தார். காட்சி போய்விட்டது என்று அவருக்குத் தெரியும், ஆனால் கொஞ்சமாவது மிச்சம் இருக்கும் என்று நினைத்திருக்கிறார். திரும்ப எடுக்கலாம் என்றால் தீபாவளி சரக்கு வந்து கடை நிரம்பிவிட்டிருந்தது. அந்த இடத்தை வெறும் குரலை வைத்து ஒப்பேற்றியிருந்தோம். படம் முடிந்ததும், "நல்லா இருந்துச்சுப்பா" என்று என் தோளைத் தட்டிவிட்டுப் போனார். அவர் மகன் எதுவும் சொல்லவில்லை. பிறகு பல வருஷம் சொல்லவில்லை.

சமீபத்தில் வந்த பிள்ளைகளுக்கும் ஒரு ஜவுளிக்கடை தேவைப்பட்டது. எனக்குத் தெரிந்தது ஒரே கடைதான். தயங்கித்தான் கூட்டிப் போனேன். இப்போது கல்லாவில் மகன் உட்கார்ந்திருக்கிறான். அப்பா உள்ளே பாயில் உட்கார்ந்து புடவை மடித்துக்கொண்டிருந்தார். நான் ஆரம்பிக்கும் முன்பே, "அன்னைக்கு நான் உன்னைக் கேட்டது தப்புடா" என்றேன். அவன், "டீ வாங்க அனுப்பினதே நீதான், அது ஞாபகம் இருக்கா?" என்றான். இருக்கிறது என்றேன். வேறெதுவும் பேசவில்லை. டீ வந்தது.

பிறகு சாவியைக் கையில் வைத்துக்கொண்டே பிள்ளைகளைப் பார்த்துக் கேட்டான்: "உங்கள்ல கார்டு யார்கிட்ட?"

ஒரு நிமிஷம் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். பின்னாடி நின்ற ஒரு பெண், நோட்டைத் தூக்கிக் காட்டி, "என்கிட்டண்ணா" என்றாள்.

சாவியை அவள் கையில் கொடுத்தான்.